கழற்றச் சொன்னது யார்?

அலுவலகத்தில் என் அக்காவை 'லைட்டு மேடம்' என்று கூப்பிடுவார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர் போகப் போக மரியாதையாகிவிட்டது. சர்வர் கணினிகள் அலமாரி அலமாரியாக நிற்கும் அந்தக் குளிர் அறைக்குள் நுழைந்ததும் அவள் எதையும் தொடமாட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு வரிசை முழுக்க நடந்து, மறு பக்கமாகத் திரும்பி வருவாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். மூன்றாவது அலமாரியில் கீழே இருப்பதற்கு ஒரு பவர் சப்ளை போய்விட்டது, அதற்கு மேலே இருப்பதன் நெட்வொர்க் கேபிள் சரியாக உட்காரவில்லை என்று சொல்வாள். பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் முதுகிலும் கடுகளவு விளக்குகள் இருக்கின்றன. நிலையான பச்சை என்றால் நலம். டிஸ்க்கின் மேல் பச்சை துடித்துக்கொண்டே இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆரஞ்சு என்றால் கோளாறு. எந்த இடத்தில் ஆரஞ்சு, எரிகிறதா மின்னுகிறதா என்பதை வைத்து எது பழுது என்று சொல்லிவிடலாம். இவை போக நீலம் ஒன்று உண்டு. அது கோளாறைக் காட்டுவதில்லை. மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர், கீழே இருப்பவருக்கு "இதைப் பார்" என்று காட்டுவதற்காக எரியவிடுவது. எனக்கு அக்கா ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தாள்: "பச்சையும் ஆரஞ்சும் மெஷின் சொல்றது. நீலம் மனுஷன் சொல்றது."

அறையின் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் அவள் கத்தித்தான் பேசுவாள். "பக்கத்துல தானே நிக்கறேன், ஊருக்கே கேக்கணுமா?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நல்ல வெயில் காலத்திலும் கைப்பையில் ஒரு பழைய ஸ்வெட்டர் இருக்கும். அது அத்தானுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டதாம்.

அத்தானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதே அறையில். அவருக்கு வேடிக்கையாகப் பேச வரும். அக்காவைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, அவரால் முடிந்தது. தன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தபோது, கையில் வைத்திருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப் போயிற்று. இதை இப்போது சொல்லக் கசக்கிறது என்றாலும் உண்மை அதுதான்.

கல்யாணமான பிறகு அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாடிக்கு மாற்றல் கேட்டார், கிடைத்தது. மாடியில் பெரிய திரைகள், சுழல் நாற்காலிகள், ஜன்னல். எந்தப் பெட்டியில் என்ன கோளாறு என்று அங்கே தெரியும். கீழே இருப்பவர்கள் போய்ச் சரிசெய்வார்கள். சில வருஷங்களில் அவர் அந்த மாடிக்கே பொறுப்பாளர் ஆனார். அக்கா கீழேயே இருந்தாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. மேலே போனால் விளக்குகளைப் பார்க்க முடியாதே என்றாள். வேலை நேரத்தில் அவரை எல்லோரையும் போல 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள்.

அவர் பொறுப்பாளர் ஆன முதல் வாரம் அது நடந்தது.

பல ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஒரு ஸ்கேன் மையத்தின் படங்களெல்லாம் அங்கே ஒரு பெட்டியில் இருந்தன. பெட்டியின் முகத்தில் பன்னிரண்டு டிஸ்க்குகள் பக்கம் பக்கமாகச் செருகியிருக்கும். அதில் ஒன்று பழுதாகி ஆரஞ்சு எரிந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும். பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும். இரண்டாவதும் போனால்தான் தாங்காது. கழற்ற வேண்டிய டிஸ்க்குக்கு மாடியிலிருந்து நீல விளக்கைக் கொடுப்பார்கள், கீழே இருப்பவர் அதைக் கழற்றுவார். அதுதான் நடைமுறை.

மாடியில் திரை, டிஸ்க்குகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆறாம் எண் டிஸ்க் பழுது என்று வந்திருந்தது. அதாவது வரிசையில் ஏழாவது. அத்தான் திரையில் இருந்த பெட்டியின் படத்தில் ஒன்றிலிருந்து எண்ணி, ஆறாவதற்கு நீலத்தைக் கொடுத்துவிட்டார். யாருக்கும் வரக்கூடிய தவறுதான்.

அன்று இரண்டு தளங்களுக்கும் இடையில் இருந்த தொலைபேசி வேலை செய்யவில்லை. அத்தான் தன் சொந்தக் கைப்பேசியில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஓர் இளைஞன் இருந்தான். தடிமனான கண்ணாடி போட்டிருப்பான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'கண்ணாடி'.

அக்கா பெட்டியின் முன்னால் நின்று பார்த்தாள். நீலம் ஒன்றில் மின்னிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு அதற்கு அடுத்ததில் எரிந்தது.

"சார், ஆரஞ்சு ஏழாவதுல எரியுது. நீலம் ஆறாவதுல வருது" என்றாள்.

"நீலம் எதுல வருதோ அதைக் கழட்டுங்க" என்றார் அத்தான்.

ஆறாவதில் பச்சை நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்குக் கை போகவில்லை. அந்த நிமிஷத்தில் அலுவலகம் மறந்துபோய், வீட்டில் கூப்பிடுவது போல அவள் வாயில் வந்துவிட்டது.

"ஏங்க, ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன். இது நல்லாத்தானே ஓடிட்டிருக்கு."

அந்த 'ஏங்க' மாடியில் ஸ்பீக்கரில் ஒலித்தது. கண்ணாடி சிரித்துவிட்டான். "வீட்டுலயும் இப்படித்தானா சார்?" என்று அவன் கேட்டது அக்காவுக்குக் கீழே காதில் விழுந்தது. அதற்கப்புறம் வந்த அத்தானின் குரல் வேறு மாதிரி இருந்தது என்பாள்.

"நான் சொல்றதை மட்டும் செய். உன் விளக்கு வியாக்கியானமெல்லாம் எனக்கு வேண்டாம்."

அவள் கழற்றினாள்.

ஏன் கழற்றினாள் என்று நானும் கேட்டிருக்கிறேன், அவளே அவளைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறாள். மேலே திரையில் தனக்குத் தெரியாதது ஏதாவது அவருக்குத் தெரிகிறதோ என்று நினைத்தாளாம். மேலிருந்து சொல்வதைக் கீழே செய்வதுதான் விதி. அதோடு, இன்னொரு முறை சொன்னால் அவரை இன்னும் கொஞ்சம் சிறுமைப்படுத்தியது போல ஆகும் என்றும் தோன்றியதாம். மூன்றில் எது பெரிய காரணம் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது.

டிஸ்க் கையோடு வந்ததும் மற்ற டிஸ்க்குகளில் துடித்துக்கொண்டிருந்த பச்சையெல்லாம் ஒரே சமயத்தில் நின்றது. பெட்டி கூவத் தொடங்கியது. கழற்றியதைத் திரும்பச் செருகிப் பார்த்தாள், பயனில்லை. நகல் இருக்கும் என்று தேடினார்கள். நகல் எடுக்கும் வேலை பல வாரங்களாகப் பாதியில் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வாரங்களின் படங்கள் அத்தனையும் போயின. எத்தனையோ பேர் மறுபடி போய்ப் படுத்து ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று. போன மாதம் கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை.

விசாரணை என்று அறிவித்தார்கள். கைப்பேசிப் பேச்சு பதிவாகவில்லை. நீல விளக்கை யார் எதற்குக் கொடுத்தார்கள் என்பதை அந்தப் பழைய பெட்டி பதிந்து வைப்பதில்லை. டிஸ்க்கைக் கழற்றியது யார் கை என்பது மட்டும் கேமராவில் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை அத்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா முன்னால் பேச வேண்டும் என்றார். கண்கள் வீங்கியிருந்தன. தவறு தன்னுடையதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் எதிரே ஒப்புக்கொண்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். உண்மையைச் சொன்னால் கழற்றச் சொன்னவர், கழற்றியவர் இருவரையும் அனுப்பிவிடுவார்கள். அக்கா தானாகவே தவறான டிஸ்க்கைக் கழற்றிவிட்டதாகச் சொன்னால் ஒருவரோடு போய்விடும். கொஞ்சம் சூடு ஆறியதும் அவரே மேலாளரிடம் நேரில் உண்மையைச் சொல்லி, அவளைத் திரும்பச் சேர்த்துவிடுவார்.

"ரெண்டு பேரும் தெருவுல நிக்கறதுக்கு ஒருத்தர் வீட்டுல இருக்கலாம் இல்லையா அத்தை" என்றார்.

"அந்த ஒருத்தர் ஏன் நீங்களா இருக்கக் கூடாது?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி எரிந்துபோனேன். "அவங்க புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நீ யாரு?" என்றவள், அக்காவின் பக்கம் திரும்பி, எப்படியும் ஒரு குழந்தை பிறந்தால் விடப்போகிற வேலைதானே, இதற்குப் போய் யோசிக்கிறாயே என்றாள்.

அத்தான் அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். அதனால்தான் அக்கா அசைந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

விசாரணையில் மேலாளர் நம்பவில்லையாம். "லைட்டு மேடம், நீங்களா ஆரஞ்சைப் பார்க்கலை?" என்று கேட்டாராம். "ஆமா சார். கவனிக்கலை" என்றாள். கண்ணாடியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். தான் வேறு வேலையில் இருந்ததாகவும், என்ன பேசினார்கள் என்பது காதில் விழவில்லை என்றும் சொன்னான். அன்று மாலையே அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

சூடு ஆறும் என்றார் அல்லவா, அது ஆறவே இல்லை. முதலில் வருடாந்திரத் தணிக்கை முடியட்டும் என்றார். பிறகு புதிய மேலாளர் வந்திருக்கிறார், பழகட்டும் என்றார். பிறகு அவருக்கே பதவி உயர்வு வரும் நேரம், இப்போது கிளறினால் இரண்டும் கெட்டுவிடும் என்றார். அக்கா வேறு இடங்களில் முயன்றாள். இந்தத் தொழில் சின்ன உலகம். ஓரிடத்தில் நேர்காணலுக்குப் போனபோது, "ஸ்கேன் படம் போச்சே, அந்த மேடமா நீங்க?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் முயல்வதை விட்டாள். அத்தானிடம் கேட்பதையும் விட்டாள். அம்மா சொன்ன குழந்தையும் வரவில்லை.

வேலை மட்டும் அவளை விடவில்லை. அத்தான் அலுவலகத்திலிருந்து பெட்டிகளின் புகைப்படத்தை அனுப்புவார். இவள் அடுப்படியில் நின்றபடி ஈரக்கையோடு கைப்பேசியைத் தூக்கிப் பார்த்து, இடது பக்கத்து பவர் சப்ளை என்றோ, உள்ளே திறந்து மெமரி வரிசையில் எந்த இடத்தில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள் என்றோ பதில் அனுப்புவாள். அதை அவர் தன் வாயால் அங்கே சொல்வார். அவருக்கு அங்கே கெட்டிக்காரர் என்று பெயர் வந்தது. ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் வந்தது. ஏன் இதையெல்லாம் செய்கிறாய் என்று கேட்டேன். "விளக்கைப் பார்த்து நாளாச்சு" என்றாள்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. அவர்கள் வசதியான ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் தன் அலுவலகத்தாரைச் சாப்பிடக் கூப்பிட்டார். எல்லோரும் அக்காவின் வேலை போன பிறகு வந்து சேர்ந்தவர்கள். பரிமாறுவதற்கு உதவியாக நானும் போயிருந்தேன். வந்தவர்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். கலகலப்பானவள். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்து எங்களோடு நின்று சாப்பிட்டாள். சார் வகுப்பு எடுத்தால் தூக்கமே வராது என்று அக்காவிடம் புகழ்ந்தாள். புதிதாகச் சேருபவர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுப்பாராம்.

"அந்த லைட்டு மேடம் கதையை அவர் சொல்லிக் கேக்கணும் அக்கா. வயிறு வலிக்கும். எல்லா விளக்கும் எனக்கு அத்துப்படின்னு சொல்லிட்டுத் திரியுமாம் ஒரு அம்மா. கடைசியில கண்ணு முன்னாடி ஆரஞ்சு எரியுது, அதை விட்டுட்டுப் பக்கத்துல இருந்த நல்ல டிஸ்க்கைப் பிடுங்கிடுச்சாம். அந்தம்மா நடக்கறதை நடிச்சே காட்டுவார்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்து காட்டினாள் அந்தப் பெண். அச்சாக அக்காவின் நடை.

அக்கா அடுப்பை அணைத்தாள். "அந்தக் கதையில, அதைக் கழட்டச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலையே அக்கா. அதுவா கழட்டிச்சு. அதுதானே கதையே."

அக்கா கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தான் நாலைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு எதிரில் போய் நின்றாள். அவளுக்கே உரிய உரத்த குரல் அன்றைக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாதாரணமாகப் பேசினாள்.

"லைட்டு மேடம் நான்தான்னு இவங்களுக்குத் தெரியாது போல. அதைச் சொல்லிடுங்க. மீதியையும் சொல்லிடுங்க."

அத்தானின் முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு வந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த ஒரு சுற்றில் முடிவெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"என்ன மீதி?" என்றார்.

அக்கா திரும்பினாள். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்று வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். வேலையைப் பறிகொடுத்ததை மன்னித்திருந்தாள், சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றாததையும் விழுங்கியிருந்தாள். தன் நடையை ஊருக்கு நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்ததுதான் தொண்டையில் நின்றுவிட்டது. அன்று என்னோடு கிளம்பியவள் திரும்பிப் போகவில்லை.

அம்மா அவளைத் திருப்பி அனுப்ப எவ்வளவோ பார்த்தாள். ஒரு ஆம்பளை நாலு பேர் முன்னாடி ஏதோ வேடிக்கையாகப் பேசிவிட்டான், அதற்காகவா குடும்பத்தை உடைப்பது என்றாள். அம்மாவோடு இருக்க முடியாது என்று தெரிந்ததும் அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

மணமுறிவு வழக்கை அத்தானே போட்டார். மனைவி தன் கவனக்குறைவால் வேலை போனதிலிருந்து எரிச்சலும் சந்தேகமுமாக மாறிவிட்டாள் என்று அதில் சொல்லியிருந்தார். அக்கா முதல்முறையாக எல்லாவற்றையும் சொல்லத் துணிந்தாள். சாட்சிக்காகக் கண்ணாடியைத் தேடிப் போனோம். அவன் அப்போது வேறு நிறுவனத்தில் இருந்தான். வாசலுக்கு வந்து நின்றே பேசினான். எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"நீ சிரிச்சது எனக்குக் கீழே கேட்டுச்சுப்பா. அவர் சொன்னது பக்கத்துல இருந்த உனக்குக் கேக்காம இருக்குமா?" என்று கேட்டாள் அக்கா.

"கேட்டுச்சு அக்கா" என்றான் அவன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "ஆனா கேக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப மாத்திச் சொன்னா என்னைத்தானே பொய்யன்னுவாங்க."

வழக்கு முடிந்தது. யார் எந்த டிஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள் என்பதைத் தீர்மானிக்க வேண்டிய அவசியம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை. இருவருக்கும் சேர்ந்து வாழ விருப்பமில்லை என்பது போதுமானதாக இருந்தது. அத்தான் இப்போது இன்னும் பெரிய இடத்தில் இருக்கிறார். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது காரை அனுப்பிவைத்தார். அம்மா அதில் ஏறித்தான் போனாள்.

அக்கா, கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். அங்கேயும் சுவரில் ஒரு பெட்டி, அதில் விளக்குகள். சர்வர் கதை தெரியாதவர்கள் என்பதால் வேலை கிடைத்தது.

ஆனால் அவள் பழைய அக்கா இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவளோடு இருப்பது கஷ்டம். "நான் சொல்றதை மட்டும் செய்" என்கிற தொனி யார் குரலில் வந்தாலும் சீறுகிறாள். கேஸ் அடுப்பைப் பழுது பார்க்க வந்தவரோடு சண்டை, பேருந்து நடத்துனரோடு சண்டை. அவசரமாக நான் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னால்கூட, எதை, எதற்கு, ஏன் இப்போது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவாள். தான் சொன்னதை யாராவது ஒரு தடவைக்கு மேல் மறுத்தால் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டாள். இதனாலேயே அதே தொழிலில் இரண்டு வேலை மாறியாயிற்று. மூன்றாவதும் போன வாரம் போயிற்று.

நான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு துணிக்கடைக் கட்டடம். அங்கே சுவர்ப் பெட்டியில் ஒரு மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்றாம் தளத்துப் புகையுணரி ஒன்று சரியில்லை, தளம் முழுக்கக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்றாள் அக்கா. கடைக்குக் கூட்டம் வருகிற நேரம், பொத்தானை அமுக்கி விளக்கை அணைத்துவிட்டு வா என்றார் மேற்பார்வையாளர். முடியாது என்றாள். இரண்டாவது முறை அவர் குரலை உயர்த்தினார். அவள் கருவிப்பையை அவர் காலடியில் வைத்துவிட்டு, உச்சி வெயிலில் வீடு வரை நடந்தே வந்தாள்.

நான் கதவைத் திறந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"நான் பார்த்தேன்டி. சரியில்லாம இருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றாள்.

"சரிக்கா" என்றேன்.

"நீ எனக்காகச் சொல்ற."

நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். அவளுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிப் பொத்தானை அமுக்கினார்களாம், விளக்கு அணைந்துவிட்டதாம். அதற்கப்புறம் அது மின்னவில்லை என்று கேள்வி. அவள் சொன்னது சரியா தப்பா என்று காட்ட அங்கே எதுவும் நடக்கவில்லை. கட்டடம் அப்படியேதான் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் நான் போகிறேன்.